பொட்டு வைத்த படம்

துபாய், கராமா, 2006 செப்டம்பர் 8, வெள்ளி
வீட்டு ஜெபத்துக்கு இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், பெபின் தம்பி, தம்பி மனைவி ஜாஸ்மின், நர்ஸ் புஷ்பமேரி அக்கா. ஐந்து பேர். ரஸ்க், டீத்தூள் ஏழு திர்ஹம்.
மகள் ஷாஜினிக்காக ஜெபித்தோம். அவள் படிக்கும் அமெரிக்கக் காலேஜில் பெண்கள் சங்கம் சங்கமாக வீடெடுத்து அக்கா தங்கை மாதிரி இருப்பார்களாம். யாரைச் சேர்ப்பதென்று அவர்களே முடிவு செய்வார்களாம். சேராதவள் தனிதான். “இந்தியப் பிள்ளைகள் சங்கத்துக்குப் போ மக்களே, நம்ம ஆளுவ கைவிட மாட்டாவ” என்று நான்தான் அவளிடம் சொன்னேன்.

செப்டம்பர் 12
அவளைச் சேர்க்கவில்லை. “இந்தி வரல, டான்ஸ் தெரியல, பேருகூட இந்தியப் பேரு மாதிரி இல்லையாம். துபாய்னா வீட்ல எத்தன காருன்னு கேட்டுச் சிரிச்சாங்கம்மா.”
அவள் அப்பா ஏசி மெக்கானிக். கம்பெனி பஸ்ஸில் போகிறவர்.

செப்டம்பர் 20
வெள்ளைக்காரப் பிள்ளைகளின் சங்கம் எடுத்துக்கொண்டது. ஸ்தோத்திரம்.

செப்டம்பர் 27
ஈமெயிலில் அந்தச் சங்கத்தின் படம் வந்தது. எல்லோரும் வெள்ளைக் கவுன். நடுவில் இவள் மட்டும் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு. எங்கள் சபையில் பொட்டு கிடையாது. பிறந்ததிலிருந்து அவள் வைத்ததில்லை.
போனில் கேட்டேன்.
“அவங்கதாம்மா வெச்சுவிட்டாங்க. எல்லா நாட்டுப் பொண்ணுங்களும் இருக்காங்கன்னு காட்டணுமாம்.”
“வேற யாரு இருக்கா?”
“நான் மட்டும்தான்.”
“அந்த வீட்ல ரூம் தந்தாவளா?”
“இடம் இல்லன்னுட்டாங்க.”
இன்னும் ஹாஸ்டலில்தான். தனியாக.

அக்டோபர் 6, வெள்ளி
கம்ப்யூட்டரில் திறந்திருந்த படத்தை ஜாஸ்மின் பார்த்துவிட்டாள். “மதம் மாறிட்டாளோ?”
“பிள்ளைக்காக முழங்கால்ல நின்னு மன்னிப்பு கேப்போம்” என்றார் புஷ்பமேரி அக்கா.
“எதுக்கு மன்னிப்பு? எம்பிள்ள என்ன செஞ்சா?”
யாரும் டீ குடிக்கவில்லை.

அக்டோபர் 8
ஷாஜினி கூப்பிட்டாள். அவர் ரிசீவரைப் பிடுங்கி, “சபையில தலகாட்ட முடியல. இதுக்கா உன்ன அனுப்பினேன்?” என்றார். அவள் போனை வைத்துவிட்டாள்.
அங்கேயும் ஆள் இல்லை, இங்கேயும் இல்லையென்றால் பிள்ளை எங்கே போவாள்?

அக்டோபர் 11
போனை எடுக்கவே மாட்டேன் என்கிறாள். கர்த்தாவே.

அக்டோபர் 13, வெள்ளி
ஜெபத்துக்கு இருந்தவர்கள்: நான்.
அவர் டியூட்டி என்று போய்விட்டார். வெள்ளிக்கிழமை லீவில் என்ன டியூட்டி? ரஸ்க் பாக்கெட் பிரிக்கவில்லை.
ஈமெயிலில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழை ஒற்றை விரலால் தட்டி அனுப்பினேன். அதையே இங்கும் எழுதி வைக்கிறேன்:
மக்களே, நீ பொட்டோட வந்தாலும், பொட்டில்லாம வந்தாலும் கதவத் தொறக்கறது நான்தான். அப்பா சொன்னத மனசுல வைக்காத. சாப்பிட்டியா? ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.