மடைக்கல்லில் விடுபட்ட பெயர்

துணை.

செங்கழுநீர் நாட்டை ஆளும் வெண்வேல் பெருங்கோ மன்னரின் ஆணைப்படி, வெண்குன்ற நாட்டு அரசியார் குன்றக்கோதையார் திருமுன்பு வாசிக்க விடுத்த ஓலை. தங்கள் கோட்டையும் கொட்டிலும், கன்றும் களஞ்சியமும் நலமோங்குக.

எங்கள் புதுக்கால்வாயின் மடைக்கல்லில் ‘துணை’ என்ற சொல் மட்டும் நிற்பதைத் தங்கள் தூதர் கண்டு சொல்ல, அதன்முன் எந்தத் தெய்வத்தின் பெயரை மறைத்தீர்கள் என்று வினவியிருந்தீர்கள். மறைக்கவில்லை, தேவியீர், நடந்ததைக் கேட்டருள்க.

அக்கல்லை வெட்டியவன் கூத்தன். முப்பதாண்டு கல் சுமந்து இடுப்பு விட்டுப்போனபின், நரைத்த தலையோடு எழுத்துக் கற்று உளி பிடித்தவன். அவனுக்குச் சென்ற ஓலையில், தெய்வப் பெயரை மன்னரைக் கேட்டு நிரப்பலாமென எழுத்தர் நாலு விரற்கடை இடம் விட்டு ‘துணை’ என்று எழுதி, நிரப்ப மறந்தே அனுப்பிவிட்டார். கூத்தனோ கண்டதைக் கண்டபடி கல்லில் இறக்குபவன். வெற்றிடத்தையும் நூல் பிடித்து அளந்து, நாலு சாணாகப் பெருக்கி, வழவழவென்று தேய்த்து வைத்தான்.

நீர் திறந்த எட்டாம் நாள்தான் மடை அதிகாரி நக்கனார் கண்ணில் அது பட்டது.

“ஏண்டா கூத்தா, சாமி பேரு எங்கடா? உளிக்குப் பசிச்சுதுன்னு தின்னுட்டுதா?”

“ஓலையில இருந்ததைத்தான் வெட்டினேன் ஐயா. இல்லாததை நானாப் போட்டா அது பிழையில்லையா?”

அரச எழுத்தில் பிழை செய்தவனின் உளியைப் பறிப்பது எம் நாட்டு முறை. பறித்தால் திரும்பக் கல் சுமக்க அவனுக்கு இடுப்பில்லை. நக்கனார் சிவனடியார், உடனே சிவன் பெயரை வெட்டினால் பிழை தீரும், உளியும் தங்கும் என்றார். கூத்தன் உளியைக் கல்லில் வைத்தான்.

நாற்று நடவிலிருந்து ஓடிவந்த ஒருத்தி, “எதுக்கு மறுபடி வெட்டுறீக? சிவன் பேருதானே இருக்கு! எட்டு நாளாத் தொட்டுக் கும்பிடுறேனே” என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எழுத்தறிந்த எண்ணெய் வணிகர், அருகனைத் தொழும் சமணர், “எனக்குப் படிக்கத் தெரியும், நானும் அருகன் துணைன்னுதான் படிச்சேன்” என்று நாணினார். அல்லாவைத் தொழும் குதிரை வணிகர் இசுமாயிலோ சிரித்துவிட்டார். “நம்ம ஆண்டவனுக்கு உருவம் கிடையாது. வெறும் இடத்தைப் பார்த்ததும், அட, இந்தத் தச்சனுக்கு நம்ம வழி தெரிஞ்சிருக்கேன்னு நினைச்சேன்.”

வழக்கு மன்னர் முன் வந்தது. அவருக்குக் கோபத்தைவிட வியப்பே மிகுந்தது. வெட்டியவன் அதில் எந்தப் பெயரைப் படித்தான் என்று வினவினார்.

“எனக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும், மகாராசா. ‘துணை’ன்னு படிச்சேன். யாரோ பக்கத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு. யாருன்னு கேக்கத் தோணல.”

உளி அவனிடமே இருக்கட்டும் என்றார் மன்னர். எல்லா நெறிக்கும் அடியில் ஒன்றுதான் இருக்கிறதோ, அல்லது பலவும் ஒரே இடத்தில் நெரிசலின்றி நிற்கின்றனவோ, அவருக்கு இன்னும் விளங்கவில்லை. தங்கள் நாட்டுப் பெரியோருக்கு விளங்குமாயின் எழுதியனுப்ப வேண்டுகிறார்.

அதுவரை ஆணை இது: அவ்விடத்தில் ஒரு பெயரை வெட்டுகிறவர், அங்கே ஏற்கெனவே படிக்கப்படும் மற்றப் பெயர்களை அழித்த குற்றத்துக்கு ஆளாவார்.

ஆட்சியாண்டு பதினொன்று, ஆனித் திங்கள். நாரை இலச்சினை இட்டது. மன்னர் சொல்ல, எழுதியது கல்தச்சன் கூத்தன்.