கிளிக்கு முன்னால் தமிழ் பேசாத அப்பாவுக்கு

என் பிரியமுள்ள அப்பா,

வராந்தாவில் உங்கள் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பூஜை லீவுக்கு வெளியூர் போனவர்கள் ஒன்பது கிளிகளை நம்மிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் ஊறவைத்த கடலை, மத்தியானம் கொய்யாத் துண்டு, ஆளுக்கொரு பச்சை மிளகாய். நீங்கள் வைத்த முறையை நான் மாற்றவில்லை. பாலிகஞ்சில் இன்றைக்கும் லோட்ஷெடிங் என்று கரண்டை நிறுத்திவிடுவார்கள், வெளிச்சம் இருக்கும்போதே எழுதி முடிக்க வேண்டும்.

ஒன்பது என்றேன். நேற்று பத்தாவது கூண்டு வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மிட்டு வந்திருக்கிறது, அப்பா.

உங்கள் கம்பெனியைப் பூட்டிய பிறகு முதல் ஆறு மாதம் நீங்கள் தினமும் ஒன்பது மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தீர்கள். போக இடம் இல்லை. அப்போதுதான் கீழ்வீட்டுக்காரர்கள் பூரி ஜகந்நாதரைப் பார்க்கக் கிளம்பும்போது தங்கள் கிளியைப் பத்து நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த மதராஸிகள் கோடை லீவில்தான் ஊருக்குப் போவார்கள், பூஜைக்கு வீட்டோடு இருப்பார்கள் என்பது தெருவுக்கே தெரியும். அடுத்த வருஷம் நான்கு கூண்டு. அதற்கடுத்த வருஷம் வராந்தாவில் துணி காயப்போட இடமில்லை.

"ஹெட்கிளார்க்கா இருந்த மனுசன், இப்போ கிளிக்குக் காவக்காரரு" என்று அம்மா அடுப்படியில் முனகியது உங்கள் காதில் விழுந்தது. நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். ஒரு வார்த்தை பேசுமுன் ஒரு செருமல், மானேஜர் அறை வாசலில் நின்று நின்று வந்த பழக்கம். அன்றைக்குச் செருமலோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

ஆனால் அந்தக் காவலையும் ஆபீஸ் வேலையாகத்தானே செய்தீர்கள்? கூண்டு வந்ததும் நீள நோட்டில் மூன்று கட்டம் போடுவீர்கள். கிளியின் பெயர், அதற்குத் தெரிந்த வார்த்தைகள், அவற்றை யாருடைய குரலில் சொல்கிறது. திருப்பிக் கொடுக்கும் நாளில் சொந்தக்காரரை உட்காரவைத்து, கிளி எல்லா வார்த்தையும் சொல்லிக் காட்டிய பிறகுதான் கூண்டு படி இறங்கும். இந்தக் கல்கத்தாவில் வேறு யாருக்காவது இப்படி ஒரு யோசனை வந்திருக்குமா?

வராந்தாவில் தமிழுக்குத் தடை வந்ததும் அதனால்தான். ஒரு கிளி அம்மாவிடமிருந்து "ஏட்டி, பால் பொங்குது" என்று படித்துக்கொண்டு போக, கிளிக்கு ஏதோ வலிப்பு என்று அந்த வீட்டார் பதறி ஓடி வந்தார்களே! "இங்கன தமிழ் பேசாத தாயி. வந்த பேச்சோடதான் அது வீடு திரும்பணும்" என்றீர்கள். திருநெல்வேலிக்காரர் ஒருவர் கிடைத்தால் டிராம் ஸ்டாப்பிலேயே ஒரு மணி நேரம் நிற்கிறவர் நீங்கள். கிளிகளுக்காக நாள் முழுக்க உங்கள் தட்டுத்தடுமாறும் வங்காளத்தில் வாழப் பழகிக்கொண்டீர்கள்.

மிட்டு எதிர்வீட்டு மாஷிமாவின் கிளி. நமக்குச் சித்தி முறை மாதிரி, தெருவுக்கே அவர் மாஷிமா. அவருடைய ஒரே மகன் கோகா ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவன்தான். புரட்சி என்று பையன்கள் கிளம்பியதும், போலீஸ் அவர்களைத் தேடித் தேடிப் பிடித்ததுமான அந்த வருஷங்களில் எத்தனையோ வீட்டுப் பையன்கள் போல அவனும் திரும்பவில்லை. இருக்கிறானா இல்லையா என்று சொல்லக்கூட ஆளில்லை. மிஞ்சியது மிட்டுவிடம் இருந்த அவன் குரல். அந்தி சாய்ந்தால், அவன் வாசலில் நின்று கத்துவது போலவே "மா, தொர்ஜா கோலோ" என்று கத்தும். அம்மா, கதவைத் திற. மாஷிமா தினமும் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டு வருவார்.

காசியில் கோகா சாயலில் ஒருவனைப் பார்த்ததாக யாரோ சொன்னதை நம்பிப் புறப்பட்டபோதுதான் அவர் மிட்டுவை உங்களிடம் கொடுத்தார். நீங்கள் நோட்டில் எழுதியது இப்போது என் மடியில் விரிந்து கிடக்கிறது. "மா, தொர்ஜா கோலோ. மகன் குரல்."

காளி பூஜை அன்று சாயங்காலம் இந்த ஊர் வெடிக்கிற வெடிக்குக் கிளிகள் தாங்காது என்று, மூன்று மணிக்கே எல்லாக் கூண்டையும் உள்ளறைக்குக் கொண்டுபோய்ப் போர்வை போர்த்த ஏற்பாடு செய்திருந்தீர்கள். ஊர்த் தீபாவளிக்கு அத்தனை யோசித்தவர், நம் தீபாவளி விடியற்காலையிலேயே வந்துவிடும் என்பதை மறந்துபோனீர்கள். நான் மறக்கவில்லை. அதுதான் கொடுமை.

புதுத்துணி எடுக்காத தீபாவளி அது. உங்கள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு சின்னச் சரம் வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் ஒரு சரமாவது வெடிக்க வேண்டாமா, அப்பா கொஞ்சம் சிரிக்க மாட்டாரா என்று நினைப்பு. கீழே தெருவில் வெடித்தால் மேலே இருக்கிற கிளிகளுக்கு என்ன என்றும் நினைத்தேன். இருபத்திரண்டு வயதுக் கழுதை, கீழே போய்ச் சரத்தைப் பற்றவைத்தேன்.

தலையில் எண்ணெய் வழிய நீங்கள் வராந்தாவுக்கு ஓடினீர்கள். மற்றக் கிளிகள் எல்லாம் சிறகடித்து ஊரைக் கூட்டின. மிட்டு மட்டும் கூண்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. உயிர் போகவில்லை, பேச்சு போய்விட்டது. நாளைக்குப் பேசும், அடுத்த வாரம் பேசும் என்று அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாஷிமா காசியிலிருந்து தனியாகத்தான் வந்தார். நோட்டை விரித்து, கூண்டை முன்னால் வைத்து, அவரை உட்காரச் சொன்னீர்கள். மிட்டு பேசவில்லை. நீங்கள் செருமினீர்கள். "நான்தான் வெடி வெச்சேன், தப்பு என்னோடது" என்று வங்காளத்தில் சொன்னீர்கள். நான் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வெளியே வரவில்லை. மாஷிமா உங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. முந்தானையால் கூண்டை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அந்தியில் எதிர்வீட்டுக்குப் போக ஆரம்பித்தவர்தான் நீங்கள். கூண்டுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு செருமல், "மா, தொர்ஜா கோலோ." மறுபடியும் ஒரு செருமல், "மா, தொர்ஜா கோலோ." காணாமல் போன பிள்ளையின் கூப்பாட்டை ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒரு கிளிக்குச் சொல்லிக்கொடுத்தார். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற நாளிலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனீர்கள். "பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்று அம்மா கத்தினாள். எனக்கு மட்டும் தெரியும், அது யாருக்கான தண்டனை என்று. தெரிந்தும் இரண்டு வருஷம் ஏன் சும்மா இருந்தேன், அப்பா?

போன ஆனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போகும்வரை மிட்டு வாய் திறக்கவில்லை. தோற்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டுதானே போனீர்கள்?

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். மாஷிமா விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது மிட்டு பேசிவிட்டது. அவர் பதறி ஓடித் தாழ்ப்பாளில் கை வைத்த பிறகுதான் உறைத்ததாம். முதலில் ஒரு செருமல் கேட்டதே! கோகா ஒருநாளும் செருமினவன் இல்லை. இதை அவர் நேற்றுத்தான் என்னிடம் சொன்னார். கண் ஆபரேஷனுக்காக அசன்சோலில் தங்கை வீட்டுக்குப் போகிறார். மிட்டுவைத் தூக்கிக்கொண்டு நம் படியேறி வந்தார்.

கூண்டை வாங்கக் கை நீட்டியவள் நீட்டிய கையோடு நின்றுவிட்டேன். "மாஷிமா, அன்னிக்கு வெடி வெச்சது அப்பா இல்ல. நான்" என்றேன்.

"தெரியும்மா" என்றார். "தான் செஞ்ச தப்புக்கு மனுஷன் ஒரு வாரம் வருவான், பத்து நாள் வருவான். ரெண்டு வருஷம் வரணும்னா, அது பெத்த பிள்ளைக்காகத்தான் இருக்கும். நான் காசி வரைக்கும் போனவ இல்லையா? எனக்குத் தெரியாதா?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. நோட்டைக் காட்டி, மூன்றாவது கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "உங்கப்பா குரல்னே எழுது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உண்மையைச் சொல்லட்டுமா? கோகாவோட குரல் எப்படி இருந்துச்சுன்னு இப்போ எனக்கே பிடிபட மாட்டேங்குது. கதவைத் திறக்க ஒரு குரல் இருக்கு. அதையாவது பத்திரமா வெச்சிரு" என்றார். இதற்கு மன்னிப்பு என்று பெயரா? எனக்குத் தெரியவில்லை. அவர் மெதுவாகப் படி இறங்கிப் போனார்.

நேற்று அந்தியில் மிட்டு செருமியது. அப்படியே நீங்கள், அப்பா. அந்தச் சின்ன இழுப்பு உட்பட. "மா, தொர்ஜா கோலோ." அடுப்படியிலிருந்து அம்மா ஈரக் கையோடு ஓடி வந்து வாசல் கதவைத் திறந்தாள். படிக்கட்டில் யாரும் இல்லை. கதவைச் சாத்தாமல் அப்படியே வராந்தாவுக்கு வந்தாள். கிளியைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். தமிழ் வேண்டாம் என்று நான் அவசரமாகத் தலையை ஆட்டினேன். அவளுக்குப் புரிந்தது. சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நீங்கள் கூப்பிடுகிறீர்கள், எங்கள் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வழியில்லை. சட்டம் போட்டவர் நீங்கள்.

நாளை மறுநாள் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளிப்போம், வெடி கிடையாது. விடியுமுன்பே பத்துக் கூண்டும் உள்ளே போய்விடும். மாஷிமா திரும்பும்வரை இந்த வராந்தாவில் ஒரு தமிழ்ச் சொல் விழாது. அந்தச் செருமல் ஒரு துளி குறையாமல் மிட்டு எதிர்வீடு போய்ச் சேரும். "வாரேன்ப்பா" என்று எனக்கு வாயில் வருகிற பதிலை அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிக்கொள்கிறேன்.

அன்று கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்ட உங்கள் மகள்,
சிவகாமி