நானே காலாவதியாக விட்ட காப்புரிமை

நான் மறந்துவிட்டேன் என்று சொல்கிறார்கள். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். உங்கள் காப்புரிமைகளில் இன்னும் உயிரோடிருந்த ஒன்றுக்கு இந்த வருடப் புதுப்பிப்புக் கட்டணம் கட்டப்படவில்லை என்பது உண்மை. வயதாகிவிட்டது, தேதி நினைவில் நிற்பதில்லை, பாவம், தனியாக இருக்கும் அம்மாள் என்பதெல்லாம் உண்மையல்ல. வக்கீல் அலுவலகத்திலிருந்து நினைவூட்டல் வந்தது. இரண்டு முறை படித்தேன். கட்டவில்லை.

இதைச் சொல்ல வைத்தது ஒரு கெட்டில். இங்கே ராஜா அண்ணாமலைபுரத்தில் நான்கு நாட்களாகக் குழாயில் போர் தண்ணீர்தான். இன்று காலை கெட்டிலின் அடியில் வெள்ளையாக உப்பு ஏறியிருந்தது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து உப்புக்கு நீங்கள் கண்டுபிடித்த பொடி இருக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திறந்ததும் வறுத்த புளியங்கொட்டைத் தோலின் வாசனை, சற்றே கருகல், சற்றே துவர்ப்பு. ஒரு காலத்தில் நம் பால்கனி முழுக்க அடித்த வாசனை. கீழ்வீட்டு அம்மாள் மேலே வந்து, "என்னங்க, உங்க வீட்டுல தினமும் எதையோ தீய்க்கிறீங்களே" என்று கேட்டபோது நீங்கள் அவரை உட்காரவைத்து, கடினநீரைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினீர்கள். அவர் மறுபடி வரவேயில்லை.

கண்டுபிடிப்பே போதும் என்று மணலி ஆலை வேலையை நீங்கள் விட்டபோது என் வீட்டார் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். கப்பல் கம்பெனியில் எனக்குச் சுருக்கெழுத்து வேலை இருந்தது, அடுப்பு எரிந்தது. நான் பயப்படவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் முதல் காப்புரிமை விண்ணப்பத்தை என் முன்னால் வைத்து, "படிச்சுப் பாரு, புரியலைன்னா எழுதியே குடு" என்ற அன்று பயம் பாதி போய்விட்டது. அதற்குமுன் என்னிடம் அப்படிக் கேட்ட ஆண் யாரும் கிடையாது. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களுக்குக் கற்றுத்தந்தது முழு வாக்கியமாகப் பேசுவதை. நான் சொல்வதற்கும் ஒரு பதில் வரவேண்டும் என்பதைக் கற்றது உங்களிடம்.

அப்படித்தான் நம் வீட்டு வழக்கம் பிறந்தது. நீங்கள் விண்ணப்பதாரர், நான் பரிசோதகர். சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் என் ஆட்சேபணைகளை வைப்பேன். நீங்களும் எழுத்தில்தான் பதில் தரவேண்டும். புளியங்கொட்டைத் தோலுக்கு நான் எழுதியது நினைவிருக்கிறதா? துவர்ப்புப் பொருளைப் போட்டு பாய்லரில் உப்புக் கட்டாமல் பார்த்துக்கொள்வது பழைய வழக்கம், இதில் புதியது எது என்று கேட்டிருந்தேன். ஒரு வாரம் நீங்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு டப்பாவுக்கு அடியில் பதில் வந்தது. பழைய முறையில் நுரை பொங்கும், துணியில் கறை ஏறும். தோலை எந்தச் சூட்டில் வறுத்து எதோடு கலந்தால் இரண்டும் நேராது என்பதே புதியது. அந்தப் பதிலை ஏறக்குறைய அப்படியே அரசாங்கப் பரிசோதகருக்கும் அனுப்பினீர்கள். அங்கேயும் அதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள். காப்புரிமை அலுவலகத் தலைவரைக் கன்ட்ரோலர் என்பார்கள்; அன்றிலிருந்து எனக்குக் 'கன்ட்ரோலரம்மா' என்று பெயர்.

அந்தப் பொடியை முதலில் நம்பிப் போட்டுப் பார்த்தவர் காதர் பாய். மேற்கு மாம்பலத்தில் ரயில்வே லைனை ஒட்டிய சந்தில் அவருடைய நீராவிச் சலவைக்கடை. நானும் அன்று உங்களோடு வந்திருந்தேன். பாய்லரைத் திறந்து காட்டினார்.

"பாருங்க சார், சுண்ணாம்பு அடிச்சு வெச்சா மாதிரி கீது. வாரம் ஒருக்கா உளி வெச்சு தட்டிக்கினு கெடக்கறேன். நீங்க இன்னாடான்னா புளியங்கொட்டைன்றீங்க."

"போட்டுப் பாருங்க பாய். துணியில கறை பட்டா என் சட்டையக் கழட்டித் தர்றேன்."

"உங்க சட்டைய வெச்சுக்கினு நான் இன்னா பண்றது? அதுலயே ஏற்கெனவே கறை கீது."

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டீர்கள். அடுத்த மாதம் பாய்லர் அடியில் சேறுதான் இருந்தது, கல் இல்லை. பொடியைத் தானே கலந்துகொள்கிறேன் என்று பாய் கேட்டார். வாய்மொழியாகவே சரி என்றீர்கள். அதையும் எழுத்தில் வையுங்கள் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. அந்த ஒன்றில் மட்டும் என் ஆட்சேபணைக்குப் பதில் வரவில்லை.

உங்களைச் சீட்டுப் பக்கம் தள்ளியதும் அதே பாய்லர்தான். தகடு பழசாகி ஒருமுறை அது வெடிப்புவிட்டுப் பிளந்தது. புதியது வாங்க பாய் ஏலச்சீட்டை எடுத்தார். அவசரத்தில் இருப்பவர்தானே அதிகம் விட்டுக்கொடுத்து எடுப்பார்? அவர் விட்டுக்கொடுத்ததை மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னீர்கள்: "பாய்லருக்கு ஒரு சேஃப்டி வால்வு இருக்கு. சீட்டுக்கு ஏன் இல்ல?" ஓர் எல்லைக்கு மேல் ஒருவர் விட்டுக்கொடுப்பதைப் பங்கிடாமல் தனியே நிறுத்தி, அவருடைய கடைசித் தவணைகளில் அவருக்கே கழித்துவிடுவது. அவ்வளவுதான் உங்கள் வால்வு. அதற்கு விண்ணப்பம் போடும்போது விளக்கப்படமாக உண்மையான பாய்லர் ஒன்றையே வரைந்து வைத்தீர்கள். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் விசாரணையன்று அதிகாரி அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே கேட்டார்: "சார், இது பாய்லரா, சீட்டா?"

வியாபார முறைகளுக்கு இங்கே காப்புரிமை கிடையாது என்று மறுத்தார்கள். சட்டம் அப்படி. வெளிநாட்டில் கிடைத்தது, பாய்லர் படம் இல்லாமல். ஆனால் பாயின் கடை மேசையில் உட்கார்ந்து அந்தச் சந்துக்காரர்களுக்கு முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தீர்கள். அவர்கள் அப்படியே சீட்டு நடத்தினார்கள். சில வருடங்கள் கழித்து அந்த வெளிநாட்டுக் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டீர்கள். நான் கோபப்பட்டு எழுதிய ஆட்சேபணைக்கு உங்கள் பதில் ஒரே வரி: "பூட்டு போடுறது திருடனுக்கு, கன்ட்ரோலரம்மா. தண்ணி கேட்டு வர்றவனுக்கு இல்ல."

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு ரசாயனக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல படிப்பு, நல்ல ஷூ. பொடியின் காப்புரிமையை மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம் என்றார். காபி கொடுத்தேன். வாங்கி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஃபர்ஸ்ட், இந்தத் தகர டிரம்ல கலக்கறவங்களை எல்லாம் நிறுத்திடுவோம் மேடம். மாம்பலத்துலகூட ஒரு லாண்டரி இருக்கு. குவாலிட்டின்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

"அந்த டிரம்மில் முதலில் கலந்தது என் கணவர்" என்றேன். காபி நன்றாக இருக்கிறது என்றார் அவர்.

விற்காமல் நானே வைத்திருக்கலாம். ஆனால் எனக்குப் பிறகு? நம் மகள் டொரான்டோவில் இருக்கிறாள். நல்ல பெண், ஆனால் விற்றுவிடுவாள். பாயிடம் இருப்பதோ நீங்கள் வாயால் சொன்ன ஒரு 'சரி' மட்டும். கட்டணம் கட்டாமல் விட்டால் பொடி எல்லாருக்கும் பொது. பாயை யாரும் நிறுத்த முடியாது. அதனால் விட்டேன்.

செய்தி தெரிந்து மகள் போன் செய்தாள். "அம்மா, கட்ட மறந்துட்டியா? ஒரு டாக்டரைப் பாக்கலாமா?"

"உன் பாஸ்போர்ட் எப்போ முடியுதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியவில்லை. நான் சொன்னேன். அதன்பிறகு டாக்டர் பேச்சு வரவில்லை. ஆனால் அடுக்ககத்தில் அதற்குள் பரவிவிட்டது. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் என் கையைப் பிடித்துப் படியிறக்க இரண்டு பேர் ஓடிவருகிறார்கள்.

போன வாரம் பாய் கடைக்குப் போய்ச் சொன்னேன். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "சார் இருந்தா இதத்தான் செஞ்சிருப்பாரும்மா" என்றார். அது அவர் கருத்து. உங்கள் பதிலாக அதை நான் ஏற்க முடியாது.

உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அரை பாட்டில் பொடியும், எதைப் படித்தாலும் 'இதில் புதியது எது' என்று கேட்கும் பழக்கமும்தான். கேள்வி கேட்கிறவளோடு இத்தனை வருடம் மகிழ்ச்சியாகக் குடித்தனம் செய்தீர்கள். அதற்கு நான் நன்றி சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன். நன்றி.

காப்புரிமையை மீட்டுக்கொள்ள இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. நான் செய்தது தவறு என்றால் சரிசெய்துவிடலாம். கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியோடு இந்தக் கடிதத்தையும் உங்கள் கல்லறையில் கொண்டுவந்து வைப்பேன். சர்க்கரை டப்பா பழைய இடத்தில்தான் இருக்கிறது. கனவில் வந்து சொல்வதை ஏற்கமாட்டேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆட்சேபணை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.