பச்சை டப்பா

1961, புரட்டாசி 12

கார் வேலை பார்க்கும் கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. காலையில் பழைய இரும்பையும் டப்பாக்களையும் ஒழித்துச் சாக்கில் கட்டி, பழைய சாமான் வாங்குபவரின் வண்டியில் ஏற்றிவிட்டேன். மத்தியானம் பட்டாசுக் கம்பெனியிலிருந்து சாப்பிட வந்த தம்பி முருகேசன், காலியான மூலையைப் பார்த்ததும் வெளிறிப்போனான்.

"அண்ணே, பச்சை டப்பா எங்க? அதுல வெடிமருந்து இருக்கு. சீசனுக்கு நாமளே வெடி கட்டலாம்னு வச்சிருந்தேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். திருத்தங்கல் தாண்டிப் புளியமரத்தடியில் வண்டி நின்றது. அவர் என் சாக்கில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். கத்தினால் பதறிப் பீடியைச் சாக்கின் மேலேயே போட்டுவிடுவார்.

"அண்ணாச்சி, இங்கன கொஞ்சம் வாங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். சலித்துக்கொண்டே எழுந்து வந்தார். சாக்கிலிருந்து டப்பாவை எடுத்து, பக்கத்துக் கண்மாய்த் தண்ணீரில் அமுக்கி மருந்தைக் கரைத்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, "ஏலே, எம்புட்டு நாளா வச்சிருந்த?" என்று தம்பியைக் கேட்டேன்.

"பொங்கல்ல இருந்து."

அந்த மூலையில்தான் தினமும் நெருப்பு மூட்டி ரேடியேட்டருக்கு ஈயம் பற்றவைக்கிறேன். பக்கத்தில் மகள் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். மனைவி செல்லத்தாயிடம் இன்னும் சொல்லவில்லை. மகளை அணைத்துக்கொண்டு தூங்குகிறாள்.