ஒற்றைக்குன்றில் தங்கிப்போன ஒளி

நலம் நிற்க. வெயிலும் மழையும் முறை மாறாதிருக்க.

உப்பாழித் தீவின் தனிக்கொற்றத்தார், அலை எட்டா மாடத்தில் வீற்றிருப்பார், சங்குத்துறை யாவும் தம் சொல்லுக்குக் காத்திருக்க ஆள்வார் அரசி இளநகையார் திருமுன்புக்குக் குன்றகநாட்டு மன்னர் வெண்கொற்றனாரின் திருவாய்மொழிப்படி அவர்தம் அமைச்சர் நாகன்தேவன் வணங்கி வரைவித்த ஓலை. தங்கள் துறைகளில் மீன்வளம் குறையாதிருக்கவும், உப்பளங்களில் காலந்தவறிய மழை பெய்யாதிருக்கவும், மாடத்தார் அனைவரும் நோயின்றி வாழவும் குன்றகநாடு வேண்டிக்கொள்கிறது.

தாங்கள் சதுரங்கப் பலகையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டதாகவும், இனிக் குன்றகநாட்டுடன் ஆடுவதற்கில்லை என்றும் அறிவித்த காலைச்செய்தி வந்து சேர்ந்தது. இந்தச் செய்தி மட்டும் வழியில் எங்கும் நில்லாமல் வந்துவிட்டதே என்று மன்னர் சொன்னார்.

தாங்கள் அறிந்ததே எனினும், தங்கள் அவையில் இவ்வோலை படிக்கக் கேட்போர் பொருட்டு ஒன்று சொல்ல வேண்டும். இரு நாட்டுக்கும் இடையே மூன்று குன்றுகளும், கடல் குறுகி ஓடும் ஒரு கடற்காலும் கிடக்கின்றன. குன்றுதோறும் நிறுத்திய பெரிய கண்ணாடிகள் வெயிலை வாங்கி அடுத்த குன்றுக்கு எறிகின்றன. காலையில் அவ்வொளியில் அரசுச் செய்திகள் போகும். உச்சிப்பொழுது சாய்ந்தபின், ஆண்டுகள் பலவாக, தங்கள் காய்களும் எம் மன்னரின் காய்களும் போய்வந்தன. தங்கள் முகத்தை மன்னர் கண்டதில்லை. தங்கள் குரலைக் கேட்டதில்லை. ஆயினும் தங்கள் குதிரை எப்போது பொறுமை இழக்கும் என்பதை அவர் அறிவார்.

அரண்மனையில் அவருடன் ஆட ஆள் இல்லாமல் இல்லை. படைத்தலைவர் ஆடினார், புலவர் ஆடினார், இவ்வமைச்சரும் ஆடினார். எல்லாரும் மிக அழகாகத் தோற்றார்கள். தேவியார் மறைந்தபின் அந்த அழகான தோல்விகளைப் பார்க்க மன்னருக்குப் பொறுக்கவில்லை. தம்மை வெல்ல நினைத்து ஆடிய ஒரே ஆள் கடலுக்கு அப்பால் இருந்தார். ஒவ்வொரு காயோடும் ஒரு கேலி அனுப்பலாம் என்ற வழக்கத்தைத் தொடங்கியவரும் தாங்களே. உறக்கம் கலைந்ததா என்று தாங்கள் கேட்டதும், யானையைக் குளிப்பாட்டப் போயிருந்தேன் என்று மன்னர் மறுமொழி விடுத்ததும், அது குளித்து வருவதற்குள் பாகனையே பிடித்துவிடுவேன் என்று தாங்கள் மிரட்டியதும் ஒளிக்காவலர் எல்லாருக்கும் மனப்பாடம்.

இக்கார்காலம் கழிந்தபின் குறை தொடங்கியது. பல காய்கள் தடையின்றிப் போய்வரும். பிறகு ஒரு காய் எங்கோ நின்றுவிடும். காலம் அளக்க நீரில் மிதக்கவிட்ட துளைவட்டில் நிறைந்து அமிழும்வரை மறுமொழி வராது. ஆட்டமுறைப்படி அந்த முறை இழப்பாகும். அதன்பின் காயும் கேலியும் முந்தைய காய்க்கான மறுமொழியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒரே மூச்சில் வந்து விழும். அதுவும் ஆட்டம் சூடுபிடிக்கும் வேளையிலேயே இவ்வாறு நேர்ந்தது. அப்போதுதான் தாங்கள், உமக்காக ஆடும் அமைச்சர் பலகையில் நிற்பவரா, பக்கத்தில் நிற்பவரா என்று கேட்டனுப்பினீர்கள். கேலிக்கு உடனே கேலி அனுப்பும் மன்னர் அதற்கு மட்டும் மறுமொழி அனுப்பவில்லை. இவ்வமைச்சரை அழைத்து, ஒளி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து வருக, அதுவரை என் அருகில் நிற்க வேண்டா என்றார்.

அமைச்சர் முதலில் கண்ணாடிகளைக் குற்றம் சொன்னார்; அவற்றைப் புளியிட்டுத் துலக்கியும் குறை தீரவில்லை. பிறகு மரக்கிளைகளைக் குற்றம் சொல்லி வெட்டச் செய்தார். நிழல் போனதே தவிரக் குறை போகவில்லை. பின்னர் ஒவ்வொரு குன்றாக ஏறி, அடுத்த குன்றுக்கு ஒரு வெற்று ஒளி காட்டி, கண்டவுடன் அதைத் திருப்பி எறியச் சொன்னார். காட்டிய கை இறங்குமுன் ஒளி திரும்பிவந்தது. மூன்று குன்றும் குற்றமற்றவை என்று முடிவுகட்டி இறங்கும் வழியில்தான், தாம் சோதித்த வேளைகளில் எல்லாம் ஆட்டம் நடக்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. யாரும் நடவாத வழியில் நெரிசல் உண்டா என்று பார்த்துவந்தவராகத் தம்மையே நொந்துகொண்டார்.

ஆகவே ஆட்டம் நடக்கும் வேளையில், நடுவே உள்ள ஒற்றைக்குன்றின் உச்சியில் போய் வாளாவிருந்தார். அக்குன்றின் காவற்பெண் மாசாத்தி, மன்னருக்கு வயதாகிவிட்டது போலும், ஒரு காய் வைக்க இவ்வளவு நேரமா என்று அமைச்சரிடமே குறைப்பட்டுக்கொண்டாள். தங்கள் குதிரை எம் மன்னரின் யானையை வெட்டிய ஒளி அப்போது மேலே வந்தது. மாசாத்தி அதை அடுத்த குன்றுக்கு எறிந்தாள். மறுகணம் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பற்றியெரிவது போலாயிற்று.

நெருப்பு அன்று. இடைச்சேரியிலும் குயவர் தெருவிலும் ஆற்றுத்துறையிலும் மக்கள் பித்தளைத் தட்டுகளை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு தரையில் கட்டம் கீறி, கூழாங்கற்களைக் காய்களாக வைத்து, தங்கள் ஆட்டத்தைக் கூடவே ஆடிக்கொண்டிருந்தார்கள். குன்றின் ஒளியைச் சரியாகப் பார்க்கத் தவறியவர், வெட்டுண்டது எந்த யானை என்று தட்டை ஆட்டிக் கேட்டார்கள். பார்த்தவரோ நம்ப முடியாமல் மறுபடி கேட்டார்கள். குன்றுக்கு ஒளி காட்டிக் கேட்டவர் எவராயினும் அவருக்கு மறுமொழி தந்தபின்னரே பிற செய்தி என்பது, வெள்ளத்தில் சிக்கியவரைக் காக்க மன்னரின் முன்னோர் இட்ட ஆணை. மாசாத்தி அவ்வாணைப்படி தட்டுக்குத் தட்டு மறுமொழி சொன்னாள். மன்னரின் காய் வந்து அவள் முதுகுக்குப் பின்னே காத்து நின்றது. அரண்மனையிலும் தீவிலும் வட்டில்கள் அமிழ்ந்தன.

அமைச்சர் அரண்மனைக்குத் திரும்பிக் கண்டதைச் சொன்னார். அவர்கள் எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறார்கள் என்று மன்னர் கேட்டார். முதல் ஆட்டத்திலிருந்தே, ஆண்டுக்கு ஆண்டு பெருகி, என்று அமைச்சர் சொன்னார். அந்தப் பகற்பொழுதுகளில் எல்லாம் நான் தனியாக இருந்ததாக நினைத்தேன் என்றார் மன்னர். சற்றுக் கழித்து, அவர்கள் யார் பக்கம் என்று கேட்டார். பெரும்பாலோர் அரசி இளநகையார் பக்கம் என்று அமைச்சர் மறைக்காமல் உரைத்தார். மன்னர் சிரித்தார். தேவியார் மறைந்தபின் அச்சிரிப்பை அரண்மனை கேட்டதில்லை. வாயிற்காவலர் உள்ளே எட்டிப்பார்த்தார்கள்.

முன்னோர் ஆணையை நீக்கிவிடலாம் என்று அவையில் சிலர் சொன்னார்கள். வெள்ளத்தில் நிற்பவன் தட்டும் விளையாட்டுக்குக் கேட்பவன் தட்டும் தூரத்தில் ஒன்றுபோல் தெரியும், ஆகவே ஆணை நிற்கட்டும் என்று மன்னர் மறுத்தார். அதற்கு மாறாக, ஒற்றைக்குன்றில் பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரு செப்புக் கண்ணாடி நிறுத்தப்பட்டது. அதற்குத் தனியே ஒரு காவலர் அமர்த்தப்பட்டார். காய் ஒவ்வொன்றையும் அது செவ்வொளியில் இருமுறை சொல்லும். தட்டுக் காட்டியவர்க்கு மறுமொழியும் அதுவே தரும். வெள்ளொளி இனித் தங்களுக்கும் மன்னருக்கும் மட்டுமே உரியது. பள்ளத்தாக்கார் தாமே ஆட்டம் வைத்துத் தட்டாட்டி நெரிக்க, அதன் நடுவே சோதித்தாயிற்று, ஒளி நிற்கவில்லை.

இனி ஒன்று உள்ளது. அமைச்சர் குன்றின்மேல் இருந்த அன்றே தாங்கள் பலகையை மடித்தீர்கள். அன்று ஒற்றைக்குன்றில் காத்து நின்றது காய் மட்டுமன்று. அதன் பின்னே மன்னர் விடுத்த மற்றோர் ஒளியும் நின்றது. அது மூன்றாவதான கடற்குன்றை எட்டியபோது தங்கள் மாடத்துக் கண்ணாடிக்குத் திரையிட்டாயிற்று. கடற்குன்றின் காவலர் வெயில் இறங்கும்வரை அதைத் திரும்பத் திரும்பக் காட்டிப் பார்த்து ஓய்ந்தார். அது கேலியோ காயோ அன்று. நாளையும் இருப்பீரா என்ற கேள்வி. ஒளி கொண்டு சேர்க்காத அதனை இவ்வோலை கொண்டு வருகிறது.

மன்னரின் பலகையில் காய்கள் அன்று நின்றபடியே நிற்கின்றன. தூசி துடைக்கவும் எவரும் தொடலாகாது என்பது கட்டளை. உச்சிப்பொழுது சாய்ந்தபின் மன்னர் நாள்தோறும் மாடத்தில் இருப்பார். வட்டிலை நீரில் விட வேண்டா என்று சொல்லியிருக்கிறார். தங்கள் மறுமொழி எவ்வளவு தாமதித்தாலும் முறை இழப்பாகாது.

இது மன்னர் வெண்கொற்றனார் திருவாய்மொழி. குன்றகநாட்டின் இருகுன்று முத்திரை இட்டது. மூன்று குன்றுக் காவலரும் இவ்வாணை கண்டு கண்ணாடி துலக்கிக் கடல்நோக்கி நிற்க.