பக்கத்து சீட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, இந்தத் தடவை அது பொய்யும் இல்லை, தலைவலி நின்றே போய்விட்டது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

காரை வித்துடும்மா என்று நீ சொல்லும்போதெல்லாம் பேச்சை மாற்றினேன் இல்லையா, காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வராமல் போன பிறகு, நான் அந்தக் காரில் வேலைக்குப் போகும்போது அவர் பக்கத்து சீட்டில் இருந்தார். கண்ணால் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். லேட்டாகப் பிரேக் பிடித்தால் தொண்டையைச் செருமுவாரே, அது கேட்கும். திரும்பினால் போய்விடுவாரோ என்று திரும்பவே மாட்டேன். மழை, குளிர், கண்ணாடியை ஏற்றியே ஓட்டினேன். ஆபீஸில் இறங்கும்போது தலை வெடிக்கும், அழுகையை அடக்குவதால்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் டாஷ்போர்டில் அப்பா ஒட்டி வைத்திருந்த கறுப்பு டேப் உரிந்து விழுந்தது, அடியில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. பெரிய ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டர் போய்விட்டது, புதுசு போடணும் என்றார்கள். மனசு கேட்காமல் அப்பாவோடு கேரம் ஆடுவாரே ஒல்லி மெக்கானிக், அவரிடம் கொண்டுபோனேன். கம்ப்யூட்டர் சென்சார் சொன்னதைத்தான் சொல்லும், சென்சாருக்கு யார் என்ன சொன்னாங்கன்னு பாக்கணும்லக்கா என்றார். எஞ்சினை ஆறவிட்டு, புகைக்குழாய் வழியாகக் காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். சென்சாருக்கு முன்னால் இருக்கிற இணைப்பில் நுரை நுரையாகப் பொங்கியது. அந்த ஓட்டையில் வெளிக்காற்று புகுந்து சென்சாரை ஏமாற்ற, அது பெட்ரோல் பத்தலை என்று சொல்ல, எஞ்சின் கண்டபடி குடித்திருக்கிறது. அதே ஓட்டையில் கசிந்த புகை, பக்கத்து சீட்டுக்கு அடியில் ரப்பர் மூடி கழன்ற இடம் வழியாக உள்ளே வந்திருக்கிறது. வாடையே தெரியாத விஷவாயுவாம் அதில். தலை வலிக்கலையாக்கா, சில பேருக்குப் பக்கத்தில ஆள் இருக்கிற மாதிரிகூடத் தோணுமாம் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாப்பா, அப்பாவும் தினம் அதே தலைவலியோடுதானே வருவார். மூக்குக்கண்ணாடி பவரை மாத்துங்க என்று நான் கத்துவேன். இன்னைக்கும் அண்ணன் என்கூட வந்தான்டி என்பார், சின்ன வயதில் தவறிப்போன உன் பெரியப்பாவைத்தான். பெரியப்பாவுக்கும் சேர்த்துக் காபி போடவாப்பா என்று நீ கிண்டல் செய்வாய். விளக்கைப் பார்த்த அன்று, செலவுக்குப் பயந்து டேப் ஒட்டியிருக்கிறார், கஞ்சத்தனம் என்றே நினைத்தேன். அண்ணன் போய்விடக் கூடாதென்று ஒட்டினாரோ, இப்போது எனக்குத் தெரியவில்லை.

நாளைக்குச் சரி பண்ணிடலாம், வீடு வரைக்கும் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டே ஓட்டுங்க என்றார் மெக்கானிக். அப்படித்தான் வந்தேன். நம் தெருமுனையில் கை தானாகப் போய்க் கண்ணாடியை ஏற்றியது. கொஞ்ச நேரம்தான். உன் முகம் ஞாபகம் வந்தது, இறக்கிவிட்டேன். நீ திட்டுவாய், திட்டு.

மறுநாள் இணைப்பை மாற்றி, மூடியும் போட்டார். விளக்கு அணைந்தது, கன்வெர்ட்டருக்கு ஒன்றுமே இல்லையாம். திரும்பும்போது காலியான ரோட்டில் வேண்டுமென்றே லேட்டாகப் பிரேக் பிடித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. இன்னொரு தடவையும் பிடித்தேன். அப்புறம் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தேன், என் பையும் குடையும் இருந்தன.

விற்றுவிடலாம் பாப்பா. வாங்குகிறவருக்கு இனிமேல் வெறும் கார்தான் போகும்.

உன் காரில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால் அன்றைக்கே காட்டிவிடு, மாப்பிள்ளை டேப்பைத் தேடினால் பிடுங்கிப் போடு. எந்தக் குறையும் அண்டாமல் இரண்டு பேரும் நீண்ட நாள் வாழணும். தலை வலித்தால் மட்டும் மறைக்காமல் சொல்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா