பெரியவள் முழுகியதும் சின்னவள் முழுகாமல் இருப்பதும் குறித்து

அனுப்புநர்:
சரக்குப் படகு உரிமையாளர்,
ஐஸ் கிடங்குக்கு எதிர் வீடு,
படகுத்துறைச் சாலை.

பெறுநர்:
மாவட்ட நிர்வாகத் தலைமை அதிகாரி அவர்கள்,
மாவட்ட நிர்வாக அலுவலகம்.

பொருள்: கட்டிய இடத்தில் எங்கள் படகு மூழ்கியதைத் தொலைக்காட்சி திரித்து ஒளிபரப்பியது – அதை நம்பி அரசு செவிலியர் பயிற்சிப் பள்ளி என் மகளிடம் மருத்துவச் சான்று கேட்பது – சான்று தர மறுப்பது – தொடர்பாக.

பார்வை: பயிற்சிப் பள்ளி விடுதிக் காப்பாளர் வாய்மொழியாக இட்ட உத்தரவு. (எழுத்தில் கேட்டோம். தர மறுத்துவிட்டார்.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கீழே உள்ளவற்றைப் பொறுமையுடன் கடைசி வரி வரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பாதி கேட்டுவிட்டு மீதியைத் தாமே இட்டு நிரப்பிக்கொண்டவர்களால்தான் இந்த மனுவே எழுத நேர்ந்தது.

1. நானும் என் கணவரும், துறைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குக் குடிநீர், காய்கறி, டீசல், எரிவாயு உருளை ஆகியவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கிறோம். எங்களிடம் இரண்டு படகுகள் உள்ளன. ஒன்று எஞ்சின் வைத்த பெரிய படகு; மற்றொன்று துடுப்புப் படகு. அரசுப் பதிவில் இரண்டுக்கும் எண்கள்தான் உண்டு. வீட்டில் பெரியதைப் ‘பெரியவ’ என்றும் சிறியதைச் ‘சின்னவ’ என்றும் சொல்வோம். எங்களுக்கு ஒரே மகள். அரசு செவிலியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பெரியவ என்றோ சின்னவ என்றோ ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

2. சென்ற மாதம் பெரிய படகுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தோம். பக்கத்துப் படகு உரசிப் பெயின்ட் போய்விடக் கூடாதே என்று என் கணவர், வழக்கமாக விடும் தளர்ச்சியை விடாமல், முன்கயிற்றைத் துறைச் சுவரின் அடிவளையத்தில் இறுக்கிக் கட்டிவிட்டார். அப்போது நீர் வற்றியிருந்தது. நீர் ஏறும்போது படகும் சேர்ந்து ஏற வேண்டும், கயிறு விடவில்லை. தலைப்பக்கம் தாழ்ந்தபடியே நின்று, தண்ணீர் உள்ளே புகுந்து, காலையில் நாங்கள் போய்ப் பார்த்தபோது படகு துறையடியிலேயே உட்கார்ந்திருந்தது. படகில் ஆள் யாரும் இல்லை. ஓர் உயிருக்கும் சேதமில்லை. அந்த இடத்தில் ஆழம் என் நெஞ்சளவு. கூரையும், அதன் மேல் காயப்போட்டிருந்த என் கணவரின் சட்டையும் தண்ணீருக்கு வெளியேதான் தெரிந்தன. காலமெல்லாம் கயிறு கட்டிய மனிதர் பெயின்ட் மேல் வைத்த ஆசையில் செய்த தவறு இது. அதற்காக நான் அவரை ஏசிய ஏச்சு தனி. அதை அரசு அலுவலகத்துக்கு எழுதுவது முறையாகாது.

3. அந்நேரம் நங்கூரத்தில் நின்ற ஒரு கப்பலைப் படம் பிடிக்க வந்திருந்த தொலைக்காட்சி நிருபர், நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு மைக்கை நீட்டினார். “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார். நான் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்:

“என்னத்தைச் சொல்றது தம்பி. பெரியவ முழுகிட்டா. இப்பதான் ஆசை ஆசையா சிங்காரிச்சு விட்டோம். சின்னவ மட்டும்தான் முழுகாம இருக்கா. அவளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?”

அருகில் நின்ற என் கணவர் சொன்னது: “கயித்தை நான்தாங்க இறுக்கிக் கட்டினேன். பாவம், தலையைத் தூக்க முடியாமயே போயிட்டா.”

நிருபர் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் படகின் கூரை தெரிந்துகொண்டிருந்தது. அவர் எங்கள் தோளைத் தாண்டிப் பார்த்திருந்தால் போதும்.

4. ‘முழுகாம இருக்கா’ என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால், அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்பதே நம் பேச்சில் பொருள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நானும் அறிவேன். படகைப் பறிகொடுத்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. தொலைக்காட்சிக்கு அது மட்டும்தான் தோன்றியது.

5. மதியச் செய்தியில், மூத்த மகள் கடலில் மூழ்கினாள் என்றும், இளைய மகள் கர்ப்பம் என்றும், தந்தையே கயிற்றால் கட்டியதாக ஒப்புக்கொண்டார் என்றும் காட்டினார்கள். ‘கட்டிப்போட்டுக் கடலில் தள்ளினாரா தந்தை?’ என்று சிவப்பு எழுத்தில் ஓடியது. கேள்விக்குறி போட்டுவிட்டால் எவர் தலையிலும் எதையும் கட்டலாம் போலிருக்கிறது. நீலமான ஆழ்கடலில் ஒரு பெண்ணின் கூந்தல் அலைவது போல் படம் வரைந்து, அழுகை இசையும் போட்டார்கள். நெஞ்சளவு தண்ணீருக்கு இவ்வளவு ஜோடனை. ‘சிங்காரிச்சு விட்டோம்’ என்று நான் பெயின்டைச் சொன்னதற்கு, மணக்கோலத்தில் ஒரு பெண்ணின் நிழலைக் காட்டினார்கள். மாலையில் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து எங்கள் குடும்பத்தின் ஒழுக்கத்தை அலசினார்கள். அவர்களில் ஒருவர்கூட எங்கள் தெருவில் கால் வைத்தவரில்லை.

பயிற்சிப் பள்ளி விழாப் படம் ஒன்றிலிருந்து என் மகளின் முகத்தை வெட்டி எடுத்து, கண்களை மட்டும் மங்கலாக்கி, ‘இளைய மகள்’ என்று போட்டார்கள். அவளைத் தெரிந்தவர்களுக்குக் கண் தேவைப்படவில்லை.

6. அன்றே காவல் துறையினர் வந்து என் கணவரை அழைத்துப் போனார்கள். காவல் ஆய்வாளர் நேர்மையானவர். தாமே தண்ணீரில் இறங்கிப் பார்த்துவிட்டு, அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். “அடுத்த படகுக்காவது ஆம்பளைப் பேரா வைங்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வெளியூரிலிருந்து என் நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். எங்களுக்கு ஒரே பிள்ளை என்பது அவருக்குத் தெரியாததல்ல. “டிவியில சொல்றாங்களே அண்ணி, ஒருவேளை எனக்குத்தான் தெரியாம இருக்குமோன்னு நினைச்சேன்” என்றார். சொந்த அண்ணன் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதையே மறக்கடித்த செய்தி, எங்கள் வீட்டை அறியாத விடுதிக் காப்பாளரை என்ன செய்திருக்கும் என்பதைத் தாங்களே எண்ணிப்பாருங்கள்.

7. எங்களுக்கு மூத்த மகள் என்று ஒருத்தி பிறக்கவே இல்லை என்பதைக் கண்டுபிடித்த தொலைக்காட்சி, அடுத்த நாள் ‘மூத்த மகள் இருந்ததையே மறைக்கிறதா குடும்பம்?’ என்று போட்டது. அதன் பிறகு காவல் ஆய்வாளர் பேசியதும், ‘மூழ்கியது படகு என விளக்கம்’ என்று திரையின் அடியில் ஒரு வரி ஓடவிட்டார்கள். நான் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அது ஓடிவிட்டது. அதோடு அவர்கள் கணக்கு முடிந்தது. பெரியவ படகு என்று சொன்னவர்கள், சின்னவளும் படகுதான் என்று சொல்லவில்லை. அந்தப் பாதி இன்றுவரை அப்படியே நிற்கிறது.

8. படகைத் தண்ணீர் இறைத்துத் தூக்கிவிட்டோம். எஞ்சினைக் கழற்றிக் கழுவி மாட்டியாகிவிட்டது; மறுபடியும் ஓடுகிறது. அதைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. என் புகார் இனி வருவது.

விடுமுறை முடிந்து என் மகள் பெட்டியோடு விடுதிக்குப் போனாள். காப்பாளர் அவளை வாசலிலேயே நிறுத்தி, கர்ப்பமாக இல்லை என்று மருத்துவரிடம் சான்று வாங்கி வந்தால்தான் உள்ளே விட முடியும் என்று சொல்லியிருக்கிறார். உடன் படிக்கும் பிள்ளைகள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். வரும் திங்கட்கிழமை அவளுக்குச் செய்முறைத் தேர்வு தொடங்குகிறது. அதை எழுதாவிட்டால் ஒரு வருடம் போய்விடும்; உதவித்தொகையும் நின்றுவிடும். அதன் பிறகு அவளைப் படிக்கவைக்க எங்களால் இயலாது.

9. அடுத்த நாள் நான் காப்பாளரை நேரில் கண்டு, அந்த உத்தரவை எழுத்தில் கேட்டேன். “இதையெல்லாம் எழுத்துல குடுக்க முடியுமாம்மா?” என்றார். எழுதக் கூசுகிற ஒன்றைக் கேட்க மட்டும் அவருக்குக் கூசவில்லை. “உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், வாயை அடைச்சுடலாமே” என்றும் சொன்னார். யாருடைய வாயை என்று கேட்டேன்.

10. என் கணவர் சாது. கயிறு கட்டியதிலிருந்து அவருக்கு எல்லாவற்றுக்கும் தாமே காரணம் என்று எண்ணம். “ஒரு சீட்டுதானே, வாங்கிக் குடுத்துட்டுப் போயிடலாம்” என்றார். எனக்கும் ஒரு கணம் அது சரி என்றே பட்டது. என் மகள்தான் மறுத்தாள். அவள் சொன்னதையும் எழுதுகிறேன்:

“இன்னைக்கு இந்தச் சீட்டைக் குடுத்தா, நாளைக்கு எவன் எதைச் சொன்னாலும் நான் ஒரு சீட்டோட போய் நிக்கணும்மா. நான் படிக்கப் போறேன். இதுக்குப் போகலை.”

அவள் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

11. இன்னொன்றையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். என் மகளுக்குத் திங்கட்கிழமை தேர்வு நடக்கப்போவது பிரசவ வார்டில். வயிற்றில் பிள்ளையோடு வருகிறவர்களை, தாலி இருக்கிறதா, கூட ஆள் வந்திருக்கிறதா என்று பார்க்காமல், முகம் சுளிக்காமல் கவனிக்க வேண்டும் என்று அந்தப் பள்ளிதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்படிக் கற்றுக்கொடுக்கும் பள்ளி, வாசலில் ஒரு பெண்ணை நிறுத்தி அவள் வயிற்றுக்குச் சான்று கேட்கிறது. கற்றுக்கொடுத்தது உண்மையா, கேட்பது உண்மையா என்பதைத் தாங்கள் அந்தப் பள்ளியிடமே கேட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு இதில் ஆத்திரம் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

ஆகவே,

(அ) என் மகளை எந்தச் சான்றும் கேட்காமல் திங்கட்கிழமைக்கு முன் விடுதியிலும் தேர்விலும் அனுமதிக்கும்படி பள்ளிக்கு உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும்.

(ஆ) அன்று நான் பேசியது இரண்டு படகுகளைப் பற்றி என்பதை, பொய்யை ஒளிபரப்பிய அதே நேரத்தில், அதே அளவு எழுத்தில் அறிவிக்கும்படி தொலைக்காட்சி நிலையத்துக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இசை போட விரும்பினால் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் என் மகளின் படத்தைக் காட்டக் கூடாது. அவள் கர்ப்பமாக இல்லை என்று நல்லெண்ணத்தில்கூட அறிவிக்கக் கூடாது. அதுவும் அவர்கள் பேச வேண்டிய விஷயமல்ல.

தங்கள் உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும், திங்கட்கிழமை காலை என் மகள் சீருடையில் பள்ளி வாசலில் நிற்பாள். நானும் என் கணவரும் இருபுறமும் நிற்போம். கதவு திறக்கும்வரை அங்கிருந்து நகரமாட்டோம். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்கூட்டியே தெரிவிப்பது மரியாதை என்பதால் தெரிவிக்கிறேன்.

நிறைவாக ஒன்று. இத்தனை பக்கம் எழுதியும், என் மகள் கர்ப்பமாக இருக்கிறாளா இல்லையா என்று இந்த மனுவில் ஓரிடத்திலும் நான் சொல்லவில்லை என்பதைத் தங்கள் அலுவலர்கள் சுட்டிக்காட்டக் கூடும். மறந்துபோய் விடவில்லை, ஐயா. அதை எழுதினால் இந்த மனுவும் ஒரு சான்றிதழ் ஆகிவிடும்.

பணிவு குறையாமலும் பின்வாங்காமலும்,

(ஒப்பம்)
பெரியவ, சின்னவ ஆகிய படகுகளின் உரிமையாளர்,
பாப்பாவின் தாய்.

இடம்: படகுத்துறை
நாள்: வெள்ளிக்கிழமை